வீடியோ சொன்னது உண்மைதான், ஆனால் யாருக்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்டன். போன வருடப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது, கவனித்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஓய்வு பெற்ற பிறகு அப்பா போனும் கையுமாகவே இருக்கிறார். மூன்று மாதமாக மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் ஒரு பெரிய டம்ளர் கீரைச் சாறு. வீட்டில் இருந்த உப்பை எடுத்துவிட்டு 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கி வைத்திருக்கிறார். போன மாதம் இரண்டு தடவை காலை 11 மணிவாக்கில் உடம்பு நடுங்கி வியர்த்துக் கொட்டியது. 'கழிவு வெளியேறுகிறது, வீடியோவில் சொன்னார்கள்' என்கிறார். நான் எதிர்த்துப் பேசினால் இன்னும் நாலு வீடியோ அனுப்புகிறார். இணையத்தில் வருவதெல்லாம் பொய்யா? எதை வைத்து நம்புவது? 'இவ்வளவு தகவல் சும்மா கிடைக்கும்போது ஊட்டச்சத்து ஆலோசகர் எதற்கு, அவரும் ஒரு டயட் சார்ட்தானே தருவார்' என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இதையெல்லாம் பார்த்து என் 13 வயது மகளும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இணையத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த நடுக்கம்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் எந்த உணவியல் நிபுணருக்கும் அந்த வரியில் முதலில் எழும் சந்தேகம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதோ என்பதுதான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. அப்பா வழக்கமாகச் சாப்பிடுவார் என்ற கணக்கில்தான் டாக்டர் அளவை எழுதியிருப்பார். இப்போது மாவுச்சத்து நின்றுவிட்டது, மாத்திரையின் அளவு அப்படியே இருக்கிறது. இன்சுலின் சுரக்கிறது, சர்க்கரை இறங்குகிறது, உடம்பு பதறுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி எல்லாம் அந்தப் பதற்றத்தின் அடையாளங்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கலாம், அப்படியிருந்தால் மருந்தின் வேகம் உடம்பில் நீடிக்கவும் செய்யும். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவை நடுக்கமெடுக்கவைத்து அந்த வேலையைச் செய்வதில்லை.

அடுத்த தடவை நடுங்கினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், இல்லை அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் ஏதாவது சாப்பிடவைக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். நினைவு தடுமாறினால், விழுங்க முடியாமல் போனால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் ஆகும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டரிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லுங்கள்: அப்பா மாவுச்சத்தை நிறுத்தியிருக்கிறார், இரண்டு தடவை நடுக்கம் வந்தது. மாத்திரையின் அளவை அவர் மாற்றுவார். நீங்களாக மாற்ற வேண்டாம்.

அடுத்தது அந்த உப்பு. பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் 'பொட்டாசியம் குளோரைடு' என்று போட்டிருக்கும். சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த உப்பைப் பற்றி அப்பா பார்த்த வீடியோ, என் ஊகம் சரியென்றால், ஒரு நல்ல ஆய்வைத்தான் மேற்கோள் காட்டியிருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு அது, 2021-ல் வெளியானது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைத் தாண்டிய பிரஷர்காரர்களும் அதில் இருந்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிப் பாதிக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், உப்பை மாற்றிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய விஷயம் அது. அந்த உப்பைப் பலருக்கு நானே சொல்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதிவைத்திருக்கிறார்கள். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் வகை நீர்மாத்திரை போடுபவர்களையும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத்தான் சொன்னது. வீடியோவில் 14 சதவீதம் வந்திருக்கும். விட்டுவிட்டவர்களின் பட்டியல் வந்திருக்காது, ஏனென்றால் அதைச் சொல்ல இன்னொரு ஒரு நிமிடம் வேண்டும், அந்த ஒரு நிமிடத்தில் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

உங்கள் அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ள வேண்டிய சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. டெல்மிசார்டன் பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை, ஆனால் அது பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும். கீரைச் சாறு நிறைய பொட்டாசியம் உள்ளது. அதன் மேல் இந்த உப்பு. பிரஷர் மாத்திரை மட்டும் இருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் என்னை உட்காரவிடவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் பல சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது இதயத் துடிப்பு தடம் மாறியிருக்கும். ஆகவே பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டுக்கும் இந்த வாரமே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை பழைய உப்பையே குறைவாக, சாப்பாடு மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் போட்டுக்கொள்ளட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராம் அளவு அதுதான். சாற்றையும் நிறுத்திவைக்கட்டும். சில கீரைகளில் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கக்கூடிய பொருள் அது. தட்டில் ஒரு கரண்டி கீரை வேறு, ஒரு பெரிய கட்டுக் கீரையைப் பிழிந்து தினமும் குடிப்பது வேறு. அப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருவதெல்லாம் பொய்யா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அப்பா செய்த மூன்றையும் எடுத்துப் பாருங்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை குறையும்: உண்மை. கீரை நல்லது: உண்மை. சோடியத்தைக் குறைத்தால் பிரஷர் இறங்கும்: உண்மை. மூன்று உண்மைகளும் சேர்ந்து ஒரு மனிதரை ஆபத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். என் அனுபவத்தில் பொய்யால் கெட்டவர்களைவிட, வேறு யாருக்கோ சொன்ன உண்மையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு கெட்டவர்கள்தான் அதிகம். அதனால் 'இது உண்மையா' என்று கேட்ட கையோடு 'யாருக்கு' என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டும் ஒரு சம்பவம் 2025-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 60 வயது மனிதர் ஒருவர் சாதாரண உப்பின் கெடுதல்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டு, உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கும் குளோரைடையே உணவிலிருந்து நீக்கிவிட முடிவு செய்தார். சாட்ஜிபிடியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொல்லி, மூன்று மாதம் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடைப் பயன்படுத்தியிருக்கிறார். புரோமைடு உடம்பில் சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். மூன்று வாரம் உள்ளே இருந்தார். அவருடைய பழைய உரையாடல் மருத்துவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களே அதே மாதிரிக் கேள்வியைப் போட்டுப் பார்த்தபோது பதிலில் புரோமைடும் வந்தது. அந்தப் பதிலில் உடல்நல எச்சரிக்கை எதுவும் இல்லை, 'எதற்காகக் கேட்கிறீர்கள்' என்று அது திருப்பிக் கேட்கவும் இல்லை என்று குறித்திருக்கிறார்கள். ஒரு மருத்துவரோ ஆலோசகரோ முதலில் கேட்கக்கூடியது அதுதான். இயந்திரங்கள் வேகமாக மாறிவருகின்றன, இன்றைக்குக் கேட்டால் வேறு பதில் வரலாம். இருந்தாலும் கேட்பவர் சொல்லாமல் விட்டதை அது தானாகத் தெரிந்துகொள்ளாது. 'எனக்குக் கிரியேட்டினின் கூடியிருக்கிறது' என்று உங்கள் அப்பா அதனிடம் எழுதியிருப்பாரா? உப்புக்கும் கிரியேட்டினினுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெரிந்தவர்தான் அதை எழுதுவார்.

எதை வைத்து நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வதைச் சொல்கிறேன்.

ஒரு வீடியோ சரியா தவறா என்று அந்த வீடியோவுக்குள்ளேயே உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. வெள்ளைக் கோட்டு, பின்னால் புத்தக அலமாரி, சரளமான பேச்சு, லட்சக்கணக்கான பார்வைகள் எல்லாம் உள்ளே இருக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்களையும் ஒரே இணையப் பக்கங்களின் முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். சாப்பாட்டு விஷயத்தில் இதைவிட உபயோகமான பழக்கம் எனக்குத் தெரியாது. பேசுபவரின் பெயரைத் தனியாகத் தேடுங்கள். அவர் எதில் படித்தவர்? பல் மருத்துவரும் டாக்டர்தான், பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவரும் டாக்டர்தான். வீடியோவுக்குக் கீழே பவுடர், மாத்திரை, பயிற்சி வகுப்பு ஏதாவது விற்கிறாரா? விற்றால் அவர் சொல்வது பொய்யென்று ஆகிவிடாது. ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே பொருளை அவர் ஏன் சொல்கிறார் என்பது புரிந்துவிடும்.

'ஆய்வில் நிரூபணம்' என்று வந்தால் எத்தனை பேர், எத்தனை நாள் என்று மட்டும் தேடிப் பாருங்கள். 2015-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், சாக்லேட் சாப்பிட்டால் சீக்கிரம் எடை குறையும் என்று ஓர் ஆய்வை வெளியிட்டார். பல நாட்டுச் செய்தித்தாள்களில் வந்தது. பிறகு அவரே உண்மையைச் சொன்னார். ஆய்வு நடந்தது நிஜம். ஆனால் ஆட்கள் 15 பேர், மூன்று வாரம், ஆளுக்கு 18 அளவுகள். எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயத்தை அளந்தால் ஏதாவது ஒன்றாவது தற்செயலாகப் பொருந்திவரும் வாய்ப்பு பாதிக்கும் மேல். பொருந்திவந்ததை மட்டும் எடுத்துத் தலைப்பாகப் போட்டார். ஊடகங்கள் எவ்வளவு எளிதாக ஏமாறும் என்று காட்டவே அதைச் செய்தார். பெரும்பாலான செய்தியாளர்கள் எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்ற சாதாரணக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

சதவீதங்களும் அப்படித்தான். ஒரு நோய் 18 சதவீதம் கூடும் என்றால் பயமாக இருக்கிறது. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 18 சதவீதம் கூடினால் அது கிட்டத்தட்ட 6 பேர் ஆகும். அலட்சியப்படுத்த வேண்டாம், ஆனால் அதற்காக இரவெல்லாம் விழித்திருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அப்பாவின் போனில் வரும் வீடியோக்களும் உங்கள் போனில் வரும் வீடியோக்களும் ஒன்றாக இருக்காது. எதை அவர் கடைசிவரை பார்த்தாரோ அதே மாதிரி இன்னொன்றை அந்தச் செயலி முன்னால் வைக்கும். இரண்டு வாரத்தில் உலகமே ஒரே விஷயத்தைச் சொல்வதுபோல் தோன்றும். 'எல்லா டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்' என்று அவர் சொல்வது பிடிவாதத்தால் இல்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஆர்வமில்லை' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள். வேறு கோணத்தில் பேசும் இரண்டு மூன்று வீடியோக்களைச் சேர்ந்து பாருங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. சார்ட்தானே தருவார்?

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அச்சடித்து வைத்த தாளில் பெயரை எழுதிக்கொடுத்து அனுப்புகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் போனே மேல். ஆனால் ஊட்டச்சத்து ஆலோசனை என்பது அந்தத் தாள் கிடையாது. என் மேசையில் எப்போதும் மூன்று டம்ளர்கள் இருக்கும். ஒன்று 100 மில்லி, ஒன்று 200, ஒன்று 350. சில மாதங்களுக்கு முன் ஒருவர் வந்தார். இனிப்பைத் தொடுவதில்லை, கேக்கைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கவில்லை என்றார். நேற்றுக் காலை எழுந்ததும் முதலில் வாய்க்குள் போனது என்ன என்று ஆரம்பித்து, ஒவ்வொரு மணிநேரமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். 'சாதாரணமாகத்தான் சாப்பிட்டேன்' என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். பத்து நிமிடம் கழித்து, 'ஒரு டம்ளர் பழச்சாறு, சர்க்கரை போடாதது' என்றார். எந்த டம்ளர் என்று கேட்டேன். அவர் விரல் 350-இல் போய் நின்றது. எத்தனை தடவை? காலையில் ஒன்று, சாயங்காலம் நடந்துவிட்டு வந்து ஒன்று. 700 மில்லி. பழச்சாற்றில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை என்று வைத்தால் 70 கிராம். பிழிந்த சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையின் கணக்கில்தான் வைக்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது.

'பழம் நல்லது' என்று அவருக்குச் சொன்ன எந்த வீடியோவும் பொய் சொல்லவில்லை. உன் டம்ளர் எவ்வளவு பெரியது என்று கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை. சாற்றை நிறுத்துங்கள் என்று நானும் உடனே சொல்லிவிடவில்லை. சாயங்கால டம்ளர் எதற்காக என்று கேட்டேன். நடந்துவிட்டு வரும்போது பசி தாங்கவில்லை, மதியம் வேலையில் சரியாகச் சாப்பிட முடிவதில்லை என்றார். அப்புறம் நாங்கள் பேசியது முழுக்க மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான். மதியம் சரியானதும் சாயங்கால டம்ளர் தானாகக் குறைந்தது. காலை டம்ளருக்குப் பதிலாக முழுப் பழம் ஒன்று. ஆலோசனை என்று நான் சொல்வது இதை. கேட்பது, அளப்பது, காரணத்தைத் தேடுவது, அவரால் முடிகிற ஒன்றை மாற்றிப் பார்ப்பது, சில வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பது.

இப்படி உட்கார்ந்து பேசுவதற்குப் பலன் உண்டா என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2002-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின். இன்னொரு குழுவுக்கு உணவு, நடை, எடைக் குறைப்பு பற்றிய ஆலோசனை. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழுவைவிட மெட்ஃபார்மின் குழுவில் 31 சதவீதம் குறைவானவர்களுக்கே நோய் வந்தது. ஆலோசனைக் குழுவில் 58 சதவீதம் குறைவு. அவர்களுக்கு ரகசிய உணவு எதுவும் தரவில்லை. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. ஆனால் முதல் 24 வாரத்தில் ஆளுக்கு 16 அமர்வுகள், ஒருவரோடு ஒருவர். அவர்களுக்குச் சொன்ன விஷயங்கள் எல்லாம் இன்றைக்கு யாருடைய போனிலும் இருக்கின்றன. அந்த 16 அமர்வுகள்தான் இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் போடுகிறார். உணவியலில் முறையான பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் உள்ளவரா, உங்கள் நாட்டில் பதிவு முறை இருந்தால் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் அமர்விலேயே மாத்திரைகளின் பெயரைக் கேட்காமல் உணவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடுங்கள். பவுடர் விற்றாலும் அப்படியே. டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம்.

போகும்போது அப்பா கொண்டுபோக வேண்டியவை: எல்லா மாத்திரை அட்டைகளும், கடைசி இரண்டு பரிசோதனை முடிவுகளும், அந்த உப்புப் பொட்டலமும், அவர் சாறு குடிக்கும் டம்ளரும். மூன்று நாள் சாப்பிட்டதை எழுதியும் வைத்துக்கொள்ளட்டும், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். அப்புறம் அவருக்குப் பிடித்த வீடியோக்களையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். என்னிடம் வருபவர்களுடன் நானும் சேர்ந்து பார்ப்பதுண்டு. 'இதில் இவர் சொல்வது சரி, இந்த இடத்தில் உங்கள் மாத்திரை குறுக்கே வருகிறது' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால், அடுத்த தடவை அவர்களே நிறுத்தி யோசிக்கிறார்கள். வீடியோவை ஒளித்துவைத்துக்கொண்டு வருபவருக்கு இந்த உதவியைச் செய்ய முடியாது.

அப்பாவிடம் பேசும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் 'தப்பு' என்று சொல்லும்போது, அவர் தன் உடம்புக்காக எடுத்த முயற்சி மொத்தத்தையும் தப்பு என்பதாகத்தான் கேட்கிறார். 12 வருடம் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தவர், 63 வயதில் தானாகத் தேடிப் படித்து ஒரு மாற்றத்தைச் செய்திருக்கிறார். அதை மதிக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்தது அவருக்கு ஏற்றதாகவே இருக்கலாம், மாத்திரையின் அளவைச் சேர்த்துச் சரிசெய்தால். இதை முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அப்பா, இவர் உங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டாரா?' பதில் வராவிட்டால் பரவாயில்லை. விட்டுவிடுங்கள், அந்தக் கேள்வி அவருக்குள் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. ஆலோசனை அறையில் முக்கியமான விஷயத்தைப் பலரும் எழுந்து கதவருகே போகும்போதுதான் சொல்வார்கள். உங்கள் மகள்.

13 வயதில் எலும்பும் உயரமும் வேகமாக வளர்கின்றன. அந்த வயதில் ஒரு வேளையை நிறுத்துவதைத் தாத்தா மாவுச்சத்தைக் குறைப்பதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்கள், ஓர் ஆய்வுக்காகத் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். மனதில் திடமானவர்கள். அவர்களே எந்நேரமும் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு, எரிச்சலும் சோர்வுமாக, மற்றவர்களிடமிருந்து ஒதுங்கிப்போனார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பட்டினி மனதை இப்படியெல்லாம் மாற்றும். பெரியவர்களையே மாற்றியது, குழந்தைகள் எம்மாத்திரம்.

அவளைத் திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். எடை, தொப்பை, குண்டு, ஒல்லி என்ற பேச்சே கொஞ்ச நாள் வீட்டில் வேண்டாம். உங்கள் உடம்பைப் பற்றி நீங்களே அலுத்துக்கொள்வதும் அதில் சேரும். ராத்திரி எல்லோரும் போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றாக உட்காருங்கள். அவள் கொஞ்சம் சாப்பிட்டாலும் அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசுங்கள். எந்த மாதிரி வீடியோக்கள் அவளுக்கு வருகின்றன என்று ஒரு சமயம் பார்த்துக் கேளுங்கள். காட்டச் சொல்லிப் பிடுங்க வேண்டாம், அவளாகக் காட்டட்டும். திரும்பத் திரும்ப எடை பார்ப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, மற்றவர்கள் முன்னால் சாப்பிட மறுப்பது, தலைசுற்றல், மாதவிடாய் நின்றுபோவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை உயரமும் எடையும் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் அந்த எண்ணை மருத்துவர் உங்களிடம் தனியாகச் சொல்லட்டும்.

அப்பாவின் முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பொட்டாசியம் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, நடுங்கும்போது மீட்டர் என்ன காட்டியது என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். மகள் ராத்திரி என்ன பேசினாள் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.